பேசற வேகத்துக்கு கை

எழுதறவங்களுக்கு டைப்பிங் ஸ்பீடு முக்கியமான்னு யாராவது கேட்டா நான் யோசிக்கவே மாட்டேன். முக்கியம். ரொம்ப முக்கியம். பேனாவ கடிச்சுக்கினு, ஜன்னல பாத்துக்கினு, ஒரு வரிக்கு ஒரு டீ குடிக்கறவங்க அப்டியே எழுதட்டும், நான் இன்னா வேணாங்கறேனா? ஆனா வேகமா அடிக்கறவளுக்கு மூளை கம்மின்னு மட்டும் சொல்லாதீங்க. அப்டி சொன்ன ஒருத்தரு கூட ஒரு டிசம்பர் மாசம் ஃபுல்லா நான் மல்லுக்கு நின்னிருக்கேன். அந்த கதைதான் இது.

டிகிரி முடிச்ச உடனே சித்தூர்ல எல்லாரும் ரெண்டுல ஒண்ணு செய்வாங்க. பெங்களூர் பஸ் ஏறுவாங்க, இல்லன்னா டைப்பிங் கிளாஸ் சேருவாங்க. எனக்கு பஸ் ஏற நைனா பர்மிஷன் குடுக்கல. அதனால டைப்பிங். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில ஒரு இன்ஸ்டிடியூட். எல்லா மெஷினும் ஒண்ணா அடிக்கும்போது தகர ஷெட் மேல ஆலங்கட்டி மழ வுழற மாரி இருக்கும். நடத்தறவரு தெலுங்குக்காரரு. நான் அடிக்கற அடில மெஷின் டேபிள் மேலயே நகர்ந்து போவும். அவரு ஓடி வருவாரு. "நெம்மதிகா அம்மா, நெம்மதிகா! மெஷின் நாதி!" மெதுவா அடிம்மா, மெஷின் என்னுதுன்னு கெஞ்சுவாரு. நான் மெதுவா அடிக்கவே இல்ல. பரீட்சைல டிஸ்டிங்ஷன். அவரே ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு, கூடவே மெஷினுக்கு ஆயில் போட்டாரு.

அப்பால திருப்பதில வேலை கெடச்சுது. அமெரிக்கால டாக்டருங்க நோயாளிய பாத்துட்டு போன்ல மொணமொணன்னு பேசி வெப்பாங்க. அந்த பேச்சு இங்க வரும். நாங்க ஹெட்போன் மாட்டிக்கினு அத கேட்டு டைப் அடிச்சு திருப்பி அனுப்பணும். காலுக்கு கீழ தையல் மெஷின் மாரி ஒரு பெடல். அமுக்கினா பேச்சு ஓடும், வுட்டா நிக்கும், பக்கத்துல அமுக்கினா பின்னாடி போவும். அங்க ஒரே ரூல். காதுல வுழுந்தத அடி, யோசிக்காத. யோசிச்சா லேட் ஆவும். தப்பு பாக்கறதுக்குன்னு தனியா ஒரு அண்ணன் பக்கத்து ரூம்ல ஒக்காந்திருப்பாரு. நான் அடிச்சத நானே திரும்பி படிச்சது கெடையாது. ஒரு தடவ ஒரு டாக்டரு ரிப்போர்ட் சொல்லிக்கினே நடுவுல பொண்டாட்டி கிட்ட ஏதோ பேசியிருக்காரு. நான் அதையும் அடிச்சுட்டேன். நெஞ்சு வலி, மூச்சு வாங்குது, வரும்போது பால் வாங்கிக்கினு வரேன். பக்கத்து ரூம் அண்ணன் அத ப்ரிண்ட் எடுத்து கண்ணாடி கதவுல ஒட்டிட்டாரு. போறவங்க வர்றவங்க எல்லாம் என்னை பாத்து "பால் வந்துச்சா?"ன்னு கேப்பாங்க. கேட்டா கேளுங்க. அந்த ஃப்ளோர்ல என் வேகத்துக்கு பக்கத்துல கூட யாரும் இல்ல.

ஆனா எனக்கு ஆசை டாக்டருங்க பேச்ச அடிக்கறதுல இல்ல. கதை எழுதணும். நான் தங்கின லேடீஸ் ஆஸ்டல் பக்கத்துல ஒரு ப்ரவுசிங் சென்டர். லீவு நாள்ல அங்க ஒக்காந்து கதை கதையா அடிச்சு எனக்கு நானே மெயில் அனுப்பிக்குவேன். எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தமிழு. படிச்சது தெலுங்கு மீடியம், வூட்ல பேசறது தமிழு, கை பழகினது இங்கிலீஷ் மெஷினு. மூணையும் கலக்கினா அப்டித்தான் வரும். எங்க ஊர் பசங்க எஸ்எம்எஸ்ஸே அப்டித்தான் போவும். அதனால படிக்க யாருக்கும் கஷ்டம் இல்ல. படிக்க ஆளுதான் இல்ல.

சனிக்கெழம சாயங்காலம் திருப்பதில பஸ் ஏறினா, சந்தனம் பூசின மொட்ட தலைங்க நடுவுல நசுங்கிக்கினே சித்தூர் வந்து சேருவேன். ஞாயித்துக்கெழம காலைல சபைக்கு போவணும், அது எங்க வூட்டு சட்டம். எங்களுது பழைய மிஷன் காலத்து சபை. காலைல தமிழ் ஆராதனை, அப்பால தெலுங்கு ஆராதனை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ்க்கும் சாயங்காலம் தமிழ் சபைக்காரங்க நாடகம் போடுவோம். ஸ்டேஜுல யாராவது டயலாக்க மறப்பாங்க, ஒட்டு தாடி அவுந்து வுழும், தெலுங்கு சபைக்காரங்க கூட முன்னாடியே எடம் புடிச்சு ஒக்காந்து பாப்பாங்க.

அந்த வருஷம் நவம்பர் மாசம் ஆராதனை முடிஞ்சதும் செகரட்டரி மாமா எழுந்து நின்னாரு. இவரு கரெண்ட் ஆபீஸ்ல வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவரு. காம்பவுண்டுல இருக்கற மோட்டாரு, டேங்க், கொழாய் எல்லாம் இவரு கன்ட்ரோல்ல. சித்தூர்ல தண்ணிக்கு படற பாடு தெரிஞ்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய பதவின்னு புரியும். எம்எல்ஏ கூட அடுத்ததுதான்.

"பசங்க எல்லாம் பெங்களூர்ல கீறானுங்க. மிச்சம் மீதி மெட்ராஸ்ல, துபாய்ல. பண்டிகைக்கு மொத நாள் பஸ் ஏறி வரானுங்க, மறுநாள் துன்னுட்டு போயிடறானுங்க. ரிகர்சலுக்கு யாரு வருவா? அதனால இந்த வருஷம் நாடகம் வேணாம். ஸ்க்ரீன் கட்டி நல்லதா ஒரு பக்தி படம் போட்டுடலாம். ப்ரொஜெக்டர்காரர் நமக்கு தெரிஞ்சவருதான்."

எல்லாரும் தலைய ஆட்டினாங்க. வழக்கமா நாடகம் எழுதற டீச்சரக்காவும் ஆட்டினா. அவ பலமனேர்ல ஸ்கூல் டீச்சரு. ஏழாம் மாசம், பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்திருந்தா. ஒக்காந்து எழுதற நெலமைல இல்ல. அதுவும் அவ எழுதற ஸ்டைலு இருக்கே! பேனால ஒரு வரி எழுதுவா, அத கோடு போட்டு அடிப்பா, திரும்ப அதையே எழுதுவா. ஒரு சீன் முடியறதுக்குள்ள ஒரு பரீட்சை சீசன் முடிஞ்சிரும்.

நான் எழுந்து நின்னுட்டேன். "மாமா, நாடகம் நான் எழுதறேன். யாருக்கு லீவு கெடைக்குதோ அவங்களுக்கு பார்ட்டு. கெடைக்கலன்னா அன்னிக்கே மாத்தி எழுதிடறேன். எனக்கு எவ்ளோ நேரம் ஆவப் போவுது?"

மாமா கண்ணாடிய எறக்கி என்னை பாத்தாரு. "நீ டைப் அடிப்பம்மா, எனக்கு தெரியும். டைப் அடிக்கறது வேற, எழுதறது வேற. நீ எழுதுவியா?"

சபையே சிரிச்சுது. எங்க அம்மா கூட முந்தானைல வாய மூடிக்கினு சிரிச்சா. எனக்கு காது ரெண்டும் ஜிவ்வுன்னு ஆயிடுச்சு. நாடகம் நடக்கணும்னு கூட இல்ல, இந்த ஆளு வாயால என்னை எழுதறவன்னு ஒத்துக்க வெக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.

"எழுதுவேன் மாமா."

"சரி. டிசம்பர்ல ரிகர்சல் பாப்பேன். நல்லா இல்லன்னா படம்தான். ப்ரொஜெக்டர்காரர வேணாம்னு சொல்ல மாட்டேன், பாத்துக்கோ."

அடுத்த வாரமே திருப்பதில ப்ரவுசிங் சென்டர்ல ஒக்காந்தேன். எழுந்திருக்கும்போது முழு நாடகமும் ரெடி. பக்கத்து சீட்டு பையன் தன் கேம வுட்டுட்டு என் கைய பாத்துக்கினு இருந்தான், அந்த ஸ்பீடு. கதை எல்லாருக்கும் தெரிஞ்ச கிறிஸ்துமஸ் கதைதான். வயித்துப் புள்ளைக்காரியும் அவ புருஷனும் ஊருக்கு வராங்க, தங்க எடம் இல்ல, சத்திரக்காரன் தொரத்தறான், கடைசில மாட்டுக் கொட்டாய்ல கொழந்த பொறக்குது. நான் அத நல்லா செந்தமிழ்ல ஜோடிச்சு அடிச்சிருந்தேன். எழுத்துன்னா அப்டித்தான் இருக்கணும்னு எனக்கு ஒரு நெனப்பு.

டிசம்பர் மொத ஞாயிறு, சபைக்கு பின்னாடி இருக்கற சண்டே ஸ்கூல் ஹால்ல மொத ரிகர்சல். ஏதாவது மாத்தணும்னா உடனே மாத்தலாம்னு ஆபீஸ் ரூம்ல இருந்த கம்ப்யூட்டர நானும் நைனாவும் ஹாலுக்கு தூக்கிக்கினு வந்தோம். மானிட்டரு அம்மிக்கல்லு கணக்கா கனம். வயித்துப் புள்ளைக்காரி வேஷத்துக்கு வேற ஆள் எதுக்கு, டீச்சரக்காவே இருக்கா, தலகாணி கூட வேணாம். சத்திரக்காரன் வேஷம் எங்க பெரியப்பா பையனுக்கு. அவன் பெங்களூர்ல கால் சென்டர்ல இருக்கான், பண்டிகை அன்னிக்குதான் வருவான். அதுவரைக்கும் அவனுக்கு பதிலா எங்க நைனா நின்னு படிக்கணும்னு ஏற்பாடு. நைனா லாரி ஷெட்ல பெயிண்டரு. லாரி பின்னாடி எழுதறத தவிர வேற எதையும் சத்தமா படிச்சு பழக்கமில்ல.

நைனா பேப்பர தூரமா புடிச்சுக்கினு ஆரம்பிச்சாரு. "ஓ... வழிப்போக்கரே. உமது பாதங்கள்... எமது வாயிலை நாடியதன்... காரணம் யாதோ?"

ஹால்ல ஒரு கொழந்த மட்டும் கொட்டாவி வுட்டுச்சு.

"ஏம்மா, கதவ தொறந்தவன் இப்டியா பேசுவான்?"ன்னாரு நைனா. "நான் போய் இப்டி கேட்டா எனக்கே எடம் குடுக்க மாட்டாங்களே."

டீச்சரக்கா தன் பேப்பர திருப்பி பாத்தா. "என் டயலாக் முடியறதுக்குள்ள இங்கயே எனக்கு பிரசவம் ஆயிடும்டீ."

ஜன்னல் வெளிய செகரட்டரி மாமா நின்னுக்கினு இருந்தாரு. மெதுவா சிரிச்சுக்கினே மோட்டார் ரூம் பக்கம் போனாரு. அந்த சிரிப்புக்கு பதிலா நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அழுவ வரல, கோவம்தான் வந்துச்சு. போய் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து, இருக்கற வரிங்கள கொஞ்சம் சுருக்கலாம்னு ஃபைல தொறந்தேன். எனக்கு முன்னாடி செவுரு, பின்னாடி ஹாலு. அங்க யாரும் கலைஞ்சு போவல. நைனா பேப்பர மடிச்சு சட்ட பாக்கெட்ல வெச்சுட்டு, சத்திரக்காரன் நிக்க வேண்டிய வாசப்படில போய் நின்னாரு.

"இன்னாப்பா, இந்த நேரத்துல வந்து கதவ தட்டற? எடம் இல்ல. காணிப்பாக்கத்துல புள்ளையார் திருவிழா நடக்கும்போது போய் ரூம் கேட்டா எவன் குடுப்பான்? அந்த மாரி கூட்டம் இங்க. போ, போ."

டீச்சரக்கா வுடல. "வயித்துப் புள்ளைக்காரி நிக்கறேன், கண்ணு தெரியலியா மாமா?"

"தெரியுதும்மா. பெருசாவே தெரியுது. உனக்கே எடம் இல்ல, அதுக்கும் சேர்த்து எங்க போவேன்?"

ஹாலு வெடிச்சு சிரிச்சுது. என் கை ஓடிக்கினு இருந்துச்சு. நான் ஓடுன்னு சொல்லல. திருப்பதில பழகின பழக்கம், காதுல வுழுந்தா கை அடிக்கும். வலது காலு தன்னால தரைய அமுக்கிக்கினு இருந்துச்சு. கீழ பெடலு இல்லன்னு அப்பாலதான் ஒறச்சுது.

"நைனா, பேக் போ, பேக் போ!"ன்னு கத்தினேன்.

நைனா ரெண்டு அடி பின்னாடி போய் கதவுல முட்டிக்கினாரு. "இன்னும் எங்க போறது?"

"அய்யோ, சொன்னத திரும்ப சொல்லு!"

திரும்ப சொன்னாரு. ஆனா வேற மாரி. மூணாவது தடவ கேட்டா அதுவும் வேற மாரி. டேப்பு திரும்பினா அதேதான் பேசும், மனுஷன் அப்டி இல்லியே. எது நல்லா இருக்கோ அத வெச்சுக்கினேன். மேய்ப்பருங்க வேஷத்துல இருந்த காலேஜ் பசங்க தெலுங்குல பாதி தமிழ்ல பாதி பேசி ஆட்டுக்கு சண்ட போட்டாங்க, அதுவும் வந்துச்சு. ராஜா வேஷம் போட்ட பால் சொசைட்டி அண்ணன், "ஒரேய், நேனு ராஜாரா, எழுந்து நில்லுடா!"ன்னாரு, அதுவும் வந்துச்சு. அவங்க பேசி நிறுத்தறதுக்கும் நான் அடிச்சு நிறுத்தறதுக்கும் சரியா இருந்துச்சு. அந்த சந்தோஷத்த எப்டி சொல்றது? இதுவரைக்கும் ஹெட்போன்ல எவனோ ஒரு டாக்டரோட இருமல துரத்திக்கினு ஓடின கை, இப்ப எங்க ஜனங்க வாய துரத்துது.

இப்ப சொல்லுங்க, ஸ்பீடு முக்கியமா இல்லியா? டீச்சரக்கா பேனாவோட ஒக்காந்திருந்தா நைனா பேசினதுல பாதி காத்துல போயிருக்கும். மீதிய அவ அடிச்சு அடிச்சு செந்தமிழா ஆக்கியிருப்பா. அவ கிட்டயே இத சொன்னேன். "ரொம்ப ஆடாதடீ"ன்னு என் தலைல ஒரு கொட்டு வெச்சா. ஆனா பேப்பர குடுத்ததும் வயித்த புடிச்சுக்கினு சிரிச்சு சிரிச்சு படிச்சா.

அடிக்கும்போது யாரு பேசினாங்கன்னு பேரு போட நேரம் இல்ல. எல்லாம் முடிஞ்சதும் குரல ஞாபகம் வெச்சு பிரிச்சேன். கஷ்டமே இல்ல. பொம்பள குரல் டீச்சரக்கா, பசங்க குரல் மேய்ப்பருங்க, வாசப்படி பக்கத்துலருந்து வந்த ஆம்பள குரல் சத்திரக்காரன். அவங்கவங்க பார்ட்ட மட்டும் தனித்தனியா ப்ரிண்ட் எடுத்து குடுத்தேன். நைனாக்கு பேப்பரே வேணாம், வாயிலயே இருக்கு. சத்திரக்காரன் பார்ட்ட பெரியப்பா பையனுக்கு மெயில் அனுப்பினேன். நான் எங்க திரும்பி படிச்சேன்? எப்பவும் போல செண்ட் அமுக்கிட்டு பஸ் புடிக்க ஓடினேன். அவன் பதில் மெயில் போட்டான். "சூப்பரா கீது. ஆபீஸ்ல பாத்ரூம்ல நின்னு ப்ராக்டிஸ் பண்றேன்."

அடுத்த ரிகர்சல்ல செகரட்டரி மாமா நாற்காலி போட்டு ஒக்காந்து பாத்தாரு. மொகத்துல ஒண்ணும் காட்டல. முடிஞ்சதும், "சிரிக்கறாங்க, சரி. இதுல நீ எழுதினது எது? எல்லாம் அவங்க பேசறது. நீ அடிச்சிருக்க"ன்னாரு. "ஜனங்க எதிர்ல இது நிக்குமான்னு தெரியல. ப்ரொஜெக்டரும் வரட்டும். மொத பத்து நிமிஷம் பாப்போம். ஜனம் நெளிஞ்சுதுன்னா லைட்ட அமத்திட்டு படத்த போட்டுடுவேன்."

கிறிஸ்துமஸ் சாயங்காலம் பாத்தா, மனுஷன் சொன்னத செஞ்சுட்டாரு. ஸ்டேஜ் பின்னாடி வெள்ள ஸ்க்ரீன் கட்டியாச்சு. எங்க பெத்லகேம் ஊரே அந்த ஸ்க்ரீன் முன்னாடிதான் நிக்குது. மொத வரிசைல செகரட்டரி மாமா, அவரு பக்கத்துல ப்ரொஜெக்டர்காரரு, மடி மேல ஒயரு. காம்பவுண்டு ஃபுல்லா ஜனம். பெங்களூர்லருந்து வந்த பசங்க புது ஜீன்ஸ்ல, துபாய்க்காரங்க வூட்டு பொண்ணுங்க சென்ட் வாசனையோட, பின்னாடி தெலுங்கு சபைக்காரங்க. பெரியப்பா பையன இன்னும் காணோம். பஸ்ஸு பலமனேர் கிட்ட ட்ராஃபிக்ல நிக்குதுன்னு எஸ்எம்எஸ் வந்துச்சு. மொத சீனு, ராஜாவோடது, ஓடிக்கினு இருக்கும்போது தோள்ல பையோட ஓடி வந்தான். அப்டியே அவன் மேல ஒரு போர்வைய போத்தி, தலப்பா கட்டி, சத்திர கதவு பின்னாடி நிறுத்தினேன்.

நான் ஸ்டேஜ் ஓரமா திரை பின்னாடி முழு ஸ்க்ரிப்ட கைல புடிச்சுக்கினு நின்னேன். யாராவது மறந்தா எடுத்துக் குடுக்கணும். மொத சீன்ல ஜனம் கொஞ்சம் பேசிக்கினே இருந்துச்சு. மைக்கு வேற கொர்ருன்னுச்சு. செகரட்டரி மாமா கை கடியாரத்த பாத்தாரு. ப்ரொஜெக்டர்காரரு ஒயர பிரிக்க ஆரம்பிச்சாரு.

டீச்சரக்காவும் அவ புருஷன் வேஷக்காரனும் கதவ தட்டினாங்க. பெரியப்பா பையன் வந்தான். காணிப்பாக்கம் டயலாக்க சொன்னான், ஜனம் லேசா சிரிச்சுது. எடத்துக்கு எங்க போவேன்னு கேட்டான், இன்னும் கொஞ்சம் சிரிச்சுது. அப்பால நான் பேப்பர பாத்தேன். அடுத்த வரிய பாத்ததும் வேணாம் வேணாம்னு அவனுக்கு கைய ஆட்டினேன்.

பெரியப்பா பையன் இடுப்புல கை வெச்சான். நல்லா மூச்சு இழுத்தான்.

"எவன்டா கொழாய தொறந்து வுட்டது? டேங்க்ல ஒரு சொட்டு இல்ல! நான் ஒருத்தன் செத்தாதான்டா உங்களுக்கெல்லாம் புத்தி வரும்!"

அன்னிக்கு மொத ரிகர்சல்ல நடுவுல செகரட்டரி மாமா வாசப்படி வந்து கத்திட்டு போயிருக்காரு. அவரு தெனமும் கத்தறதால ஹால்ல ஒருத்தரும் திரும்பி கூட பாக்கல. நான் செவுத்த பாத்து ஒக்காந்திருக்கேன். வாசப்படில ஆம்பள குரல். அடிச்சேன். சத்திரக்காரன்னு பேரும் போட்டேன்.

எல்லா தலையும் மொத வரிசைக்கு திரும்புச்சு. பெரியப்பா பையனுக்கு ஒண்ணும் புரியல. அவன் ஊர வுட்டு போய் வருஷம் ஆச்சு, இந்த கொழாய் சண்டையெல்லாம் தெரியாது. ஜனம் கவனிக்கலன்னு நெனச்சுக்கினு இன்னும் சத்தமா, கைய நீட்டி, திரும்ப ஒரு தடவ கேட்டான். "எவன்டா தொறந்தது?"

டீச்சரக்கா வயித்து மேல கைய வெச்சுக்கினு நிதானமா சொன்னா. "மாமா, நாங்க இன்னும் உள்ளயே வரலியே. எங்கள கேட்டா?"

அவ்ளோதான். அப்டி ஒரு சிரிப்ப நான் கேட்டதே இல்ல. பின் வரிசைல சேரு சாஞ்சு ஒரு பெரியம்மா வுழுந்தே போனாங்க, எழுந்தும் சிரிச்சாங்க. தெலுங்கு சபைக்காரங்க விசில் அடிச்சாங்க. ப்ரொஜெக்டர்காரருக்கு கண்ணுல தண்ணி. அந்த வரி என் பேப்பர்ல இல்ல. நான் அடிக்கல. ஒரு வரிய ஒரு வாரம் எழுதற டீச்சரக்கா வாயில கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள வந்துச்சு. எனக்கு கொஞ்சம் பொறாமையா கூட இருந்துச்சு. ஆனா சிரிச்சு சிரிச்சு திரைய புடிச்சுக்கினு தொங்கிக்கினு இருந்தேன், பொறாமைப்பட நேரம் இல்ல.

அதுக்கப்புறம் நாடகம் எங்க நின்னுச்சு! மேய்ப்பருங்க வந்தாங்க, ஜனம் அவங்க வாய தொறக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சுது. கொழந்த பொறக்கற எடத்துல எல்லாரும் தானா அமைதி ஆனாங்க. அதுவும் எனக்கு புடிச்சிருந்துச்சு. நடுவுல ப்ரொஜெக்டர்காரரு குனிஞ்சு மாமா காதுல ஏதோ கேட்டாரு. மாமா வேணாம்னு தலைய ஆட்டினாரு. அவரு ஒயர சுத்தி பைக்குள்ள வெச்சுக்கினு பிரியாணி பக்கம் போயிட்டாரு.

நாடகம் முடிஞ்சு எல்லாரும் சண்டே ஸ்கூல் ஹால்ல தாடிய கழட்டிக்கினு இருந்தோம். கதவு தொறந்துச்சு. செகரட்டரி மாமா. பெரியப்பா பையன் அதுக்குள்ள விஷயம் தெரிஞ்சு, போர்வைய தலை வரைக்கும் இழுத்துக்கினு மேய்ப்பருங்க நடுவுல பூந்துட்டான். மாமா நேரா என் கிட்ட வந்தாரு.

"அது நான் பேசினது."

"ஆமா மாமா."

"அன்னிக்கு இன்னும் பேசினேனே. மோட்டார் காயில் பொகைஞ்சது, ஓரமா பக்கெட்ட வெச்சுட்டு போயிட்டாங்களே, அதெல்லாம் சொன்னேன். அது எங்க?"

எனக்கு உண்மையில தெரியாது. அவரு வாசப்படிய வுட்டு நகர்ந்து போய் பேசியிருப்பாரு, காதுலயே வுழுந்திருக்காது. ஆனா அன்னிக்கு என் வாயி என் கைய வுட வேகமா இருந்துச்சு.

"அது நல்லா இல்ல மாமா. வெட்டிட்டேன்."

ஹால்ல எல்லாரும் நிறுத்திட்டு எங்கள பாத்தாங்க. மாமா மீச துடிச்சுது.

"என் பேச்ச வெட்டறதுக்கு நீ யாரு?"

"இந்த நாடகம் எழுதினவ, மாமா."

அவரு என்னை பாத்தாரு. நானும் பாத்தேன், கண்ண எறக்கல. டீச்சரக்கா பின்னாடி நின்னு என் முதுக நகத்தால சொரண்டினா, வாய மூடுடீன்னு. மாமா கண்ணாடிய கழட்டி வேட்டி ஓரத்துல தொடச்சாரு. திரும்ப மாட்டினாரு. ஓரமா கெடந்த ஸ்டூல காலால இழுத்து கம்ப்யூட்டர் பக்கத்துல போட்டு ஒக்காந்தாரு.

"ஒக்காரு. அந்த மோட்டாரு விஷயத்த முழுசா சொல்றேன், எழுது. நல்லா இருக்கா இல்லியான்னு அப்பால நீ பாத்துக்க. அடுத்த வருஷத்துக்கு ஆவும்."

அடிம்மான்னு சொல்லல. எழுதுன்னாரு. டீச்சரக்காவும் கேட்டுட்டா, சொரண்டறத நிறுத்திட்டா. நான் ஒக்காந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணேன். அது தூங்கி எழுந்து வர்ற வரைக்கும் மாமா தொண்டைய செருமிக்கினே இருந்தாரு. ஸ்க்ரீன் வந்துச்சு. கைய கீ மேல வெச்சேன்.

"அதாவது," அப்டின்னு ஆரம்பிச்சாரு, கைய மடில கட்டிக்கினு, மைக்குல அறிக்கை வாசிக்கற கொரல்ல. "நமது ஆலய வளாகத்தில் அமைந்துள்ள நீர் ஏற்றும் இயந்திரமானது..."

என் கை நகரவே இல்ல.

"மாமா, நான் எழுதறேன்னு மறந்துடுங்க," அப்டின்னேன். "கொழாய் தொறந்திருக்கு. டேங்க் காலி. இப்ப பேசுங்க."

அவரு ஸ்டூல தள்ளிட்டு எழுந்து நின்னாரு. ஹாலே அதிர்ற மாரி கத்தினாரு பாருங்க, பிரியாணி தட்டோட வெளிய நின்னவங்க எல்லாம் ஜன்னலுக்கு ஓடி வந்தாங்க. நான் அடிச்சேன். ஒரு வார்த்தை வுடல.